சாவி யார் கையில்? மிலான், இவ்ரேயா, பொலோன்யா: ஒரு வடிவமைப்புப் பயணம்

நாள் 1: போவீசா

மிலானின் மால்பென்ஸா விமான நிலையத்திலிருந்து நகருக்குள் இருக்கும் கடோர்னா நிலையத்துக்குப் போகும் ரயில் வழியில் போவீசாவில் நிற்கும். ஊருக்குள் போய்த் திரும்பி வர வேண்டியதில்லை, நேரே இங்கேயே இறங்கிவிடலாம். ஒரு காலத்தில் ரசாயன ஆலைகளும் எரிவாயு ஆலையும் நிறைந்திருந்த பகுதி இது. பழைய எரிவாயுக் கலன்களின் இரும்புக் கூடுகள் இன்றும் நிற்கின்றன. ஆலைகள் மூடிய பிறகு 1990-களில் மிலான் போலிடெக்னிகோ இங்கே ஒரு வளாகத்தை விரித்தது. இத்தாலியின் முதல் தொழில்துறை வடிவமைப்புப் பட்டப்படிப்பை 1993-இல் தொடங்கியதும் இதே பல்கலைக்கழகம்தான்.

இந்தப் பயணத்தின் மையப் பெயர் எட்ஸியோ மன்சீனி. பல ஆண்டுகள் போலிடெக்னிகோவில் தொழில்துறை வடிவமைப்புப் பேராசிரியராக இருந்தவர். 1980-களில் அவர் எழுதியதெல்லாம் பொருள்களைப் பற்றி: பிளாஸ்டிக், கூட்டுப்பொருள்கள், ஒரு பொருளின் குணத்தையே வேண்டியபடி செய்துகொள்ள முடிகிற காலத்தில் வடிவமைப்பாளருக்கு என்ன வேலை என்பது. பிறகு அவர் கவனம் மனிதர்கள் பக்கம் திரும்பியது. குழந்தைகளைப் பள்ளிக்குக் கூட்டமாக நடத்திக் கூட்டிப்போகும் பெற்றோர், விவசாயியிடம் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளும் குடும்பங்கள், தனி வீடும் பொதுக் கூடமும் சேர்ந்த குடியிருப்புகள் என்று தேடிப்போய்ப் படித்தார். 2009-இல் உலகெங்கும் உள்ள வடிவமைப்புக் கல்லூரிகளின் ஆய்வகங்களை இணைத்து டெஸிஸ் என்ற வலைப்பின்னலைத் தொடங்கினார்.

அவர் சொல்வதைச் சுருக்கினால்: தன் வாழ்க்கையில் ஒரு சிக்கல் வந்தால் அதற்கு வழி வகுக்கும் திறன் எல்லோருக்கும் உண்டு, அதுவும் வடிவமைப்புதான். படித்துப் பயின்ற வடிவமைப்பாளரின் வேலை அந்த மக்களுக்குப் பதிலாகச் சிந்திப்பதல்ல. அவர்கள் சேர்ந்து செய்வதை எளிதாக்குவதும், அது சீக்கிரம் களைத்துப்போகாமல் பார்த்துக்கொள்வதும்தான். இந்த இரண்டாவது பாதிதான் முக்கியமானது. கூட்டு முயற்சி எதுவானாலும் முதல் ஆறு மாதம் உற்சாகத்திலேயே ஓடிவிடும். அதற்குப் பிறகு கதவைத் திறப்பது யார், தண்ணீர் ஊற்றுவது யார், தகராறு வந்தால் தீர்ப்பது யார் என்ற கேள்விகளில்தான் அது நிற்கும், அல்லது விழும். இந்தப் பயணத்தில் ஒவ்வோர் இடத்திலும் பார்க்கப்போவது அதைத்தான்.

வளாகத்துக்குள்ளேயே முதல் உதாரணம் இருக்கிறது. கோல்டிவாண்டோ என்ற பொதுத் தோட்டம். மாணவர்களும் ஆசிரியர்களும் அக்கம்பக்கத்துக்காரர்களும் சேர்ந்து திட்டமிட்டு 2012-இல் திறந்தது. மிலானில் ஆளுக்கொரு துண்டு நிலம் என்று பிரித்துத் தரும் தோட்டங்கள் நெடுங்காலமாகவே உண்டு. இங்கே துண்டு போடவில்லை, எல்லாப் படுகைகளும் எல்லோருக்கும். சின்ன வித்தியாசம் போலத் தெரியும், ஆனால் எல்லாக் கணக்கையும் அது மாற்றிவிடுகிறது. தனித் துண்டென்றால் காய்ந்துபோன செடி ஒருவருடைய பிரச்சினை. பொதுப் படுகையில் பழுத்த தக்காளி யாருடையது என்பதே முதல் சண்டை. உழைத்த நேரத்தைக் குறிக்கும் ஒரு நோட்டும், பறிப்பதற்கென்று ஒரு கிழமையும் வைத்தால் அந்தச் சண்டை பெரும்பாலும் அடங்கும். எல்லோரும் ஒரே நாளில், எல்லோர் கண்முன்னும் பறிக்க வேண்டும். ஆளுக்கொரு நேரத்தில் வந்து பறித்துப்போகலாம் என்று விட்ட தோட்டங்கள் அந்த முதல் கோடையிலேயே கசந்துபோகும்.

இதுபோன்ற பழைய தொழிற்சாலை நிலத்தில் தோட்டம் போட நினைப்பவர்களுக்கான அளவுகளை இங்கேயே எழுதிவிடலாம். மண்ணில் ஈயமோ தார் எச்சமோ இருக்கக்கூடும். அதனால் தரையில் நேராக நடாமல் மரப்பெட்டிப் படுகை கட்டுவது பாதுகாப்பு. இரண்டு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டுமென்றால் அகலம் 120 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. சுவரை ஒட்டியதென்றால் 70 போதும். கீரைக்கு 30 சென்டிமீட்டர் மண் ஆழம் போதும், தக்காளிக்கு 40-க்குக் குறையாமல் வேண்டும். 120 × 240 சென்டிமீட்டர் பெட்டிக்கு 40 ஆழம் என்றால் ஏறக்குறைய 1.15 கன மீட்டர் மண். முதல் பருவத்திலேயே அது பத்தில் ஒரு பங்காவது அமிழ்ந்துவிடும், எனவே கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும். பெட்டியின் அடியில் தண்ணீர் இறங்கும் நெய்த துணி விரிப்புதான் போட வேண்டும். பிளாஸ்டிக் தாள் போட்டால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். பாதைகளில் ஒன்றாவது 90 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் அதில் போகும். 60 சென்டிமீட்டர் பாதையில் இரண்டும் போகாது.

தண்ணீர்க் கணக்கு: கோடையில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன பெட்டிக்கு 14 லிட்டர். பத்துப் பெட்டிக்கு 140. மிலானில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆகஸ்ட் மாதம், குறிப்பாக 15-ஆம் தேதியை ஒட்டி, நகரமே விடுமுறைக்குப் போய்விடும். பல்கலைக்கழகம் பூட்டியிருக்கும். செடிகளுக்கு மிக அதிகத் தண்ணீர் தேவைப்படும் வாரமும் ஆள் மிகக் குறைவாக இருக்கும் வாரமும் ஒன்றே. மணிக்காட்டியோடு சொட்டுநீர்க் குழாய் போடுவது ஒரு வழி. ஆனால் அதன் வடிகட்டி அடைத்துக்கொண்டால் கவனிக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளை உள்ளே விடக் காவலாளிக்குப் பெயர்ப்பட்டியல் வேண்டும். வளாகத் தோட்டம் ஒன்றைத் திட்டமிடும்போது படுகை வரைபடத்துக்கு முன்னால் எழுத வேண்டிய தாள் அந்தப் பட்டியல்தான்.

நாள் 2: டெர்கானோ, பிறகு நோலோ

போவீசாவிலிருந்து டெர்கானோ நடந்துபோகிற தூரம்தான். மூன்றாம் மெட்ரோ பாதையில் அதே பெயரில் நிலையமும் உண்டு.

2018 செப்டம்பரில் மிலான் மாநகராட்சி 'திறந்த சதுக்கங்கள்' என்ற திட்டத்தை இரண்டே இடங்களில் தொடங்கியது. டெர்கானோ சதுக்கம் ஒன்று, தெற்கே அஞ்சில்பெர்த்தோ சதுக்கம் மற்றொன்று. கார்கள் நின்ற இடத்தை மறித்து, தாரின் மேல் வண்ணம் அடித்து, செடித்தொட்டி, பெஞ்சு, மேசைகள் போட்டார்கள். கல் பெயர்க்கவில்லை, சாக்கடை மாற்றவில்லை. பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்கிவிடலாம் என்பதுதான் அதன் பலம். அடுத்த ஆண்டு எந்தக் குடியிருப்புப் பகுதியும் தன் இடத்தை முன்மொழியலாம் என்று பொது அழைப்பு விட்டார்கள். சில சதுக்கங்களில் வண்ணத்துக்குப் பதில் நிரந்தரத் தளமே வந்துவிட்டது.

வண்ணம் அடித்த சதுக்கங்களில் தொழில் நுணுக்கமாகப் பார்க்க நிறைய இருக்கிறது. வண்ணம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். நடக்கிற இடத்தில் அல்ல. சரக்கு வேன்கள் திரும்பும் ஓரங்களில், டயர் நின்ற இடத்திலேயே சுழலும் புள்ளிகளில். எனவே வரைபடத்தின் அழுத்தமான நிறங்களை அங்கே வைக்கக்கூடாது. புதிதாகப் போட்ட தாரின் மேல் உடனே அடித்தால் அடியிலிருக்கும் எண்ணெய்ப் பசை மேலே வந்து உரிந்துவிடும், சில வாரங்கள் ஆறவிட வேண்டும். தளம் ஈரமாகவோ மிகக் குளிராகவோ இருந்தால் வண்ணம் பிடிக்காது. மிலானின் நவம்பர் மூடுபனியில் இந்த வேலையைத் தொடங்குவது வீண். வண்ணத்தோடு மணல் துகள் கலக்காவிட்டால் மழையில் வழுக்கும், அதிகம் கலந்தால் அழுக்கு ஏறி ஒரே பருவத்தில் சாம்பல் நிறமாகிவிடும்.

செடித்தொட்டிகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. காரைத் தடுப்பது அவைதான். மண்ணும் ஈரமும் சேர்ந்து நான்கு பேரால் நகர்த்த முடியாத எடையில் இருக்க வேண்டும், இரண்டு தொட்டிக்கு நடுவே ஒன்றரை மீட்டருக்கு மேல் விடக்கூடாது. இரண்டு மீட்டர் விட்டால் சிறிய கார் நுழைந்துவிடும். ஆனால் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் போக ஒரு வழி வேண்டும். அந்த வழியை யாரும் கார் நிறுத்தாமல் காப்பதுதான் சதுக்கத்தின் அன்றாட வேலை.

மேசைப்பந்து மேசைகளை மிலானின் பல சதுக்கங்களில் பார்க்கலாம். ஒரு பெஞ்சில் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச வேண்டுமென்று கட்டாயமில்லை. மேசைப்பந்துக்கு எதிர்ப்பக்கம் ஓர் ஆள் இல்லாமல் முடியாது. மன்சீனி 'லேசான உறவுகள்' என்று சொல்வது இதைத்தான்: நெருங்கிய நட்பு வேண்டாம், பெயர்கூடத் தெரிய வேண்டாம், பத்து நிமிடம் சேர்ந்து ஏதோ ஒன்றைச் செய்துவிட்டுப் பிரியலாம். அப்படிப்பட்ட உறவுகள் நிறைய இருக்கும் தெருவில்தான் பிறகு கனமான வேலைகளுக்கும் ஆள் கிடைக்கும் என்பது அவர் வாதம். இது சரி என்றே நினைக்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. மட்டையும் பந்தும் எங்கே கிடைக்கும்? சதுக்கத்தை ஒட்டிய கடை ஒன்று அவற்றை வைத்திருந்து கொடுத்தால் மேசை மாலை முழுக்க ஓயாது. அவரவர் கொண்டுவர வேண்டும் என்றால் மேசை ஏற்கெனவே நண்பர்களாக இருப்பவர்களுக்கு மட்டும் ஆகிவிடும்.

மாலையில் முதலாம் மெட்ரோ பாதையில் ரொவெரெத்தோ நிலையத்தில் இறங்கி நோலோ பகுதி. வியாலே மோன்ஸா தெருவிலுள்ள மாநகராட்சிச் சந்தைக்குள், கடைகளுக்கு நடுவே, போலிடெக்னிகோ ஓர் இடத்தை எடுத்துத் தன் வளாகத்துக்கு வெளியேயான கூடமாக நடத்துகிறது. காய்கறிக்கடைக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகம். காய் வாங்க வருகிறவர் எப்படியும் அதைக் கடந்துதான் போக வேண்டும். கருத்துக் கேட்கத் தனியாகக் கூட்டம் போட்டு அழைக்க வேண்டிய அவசியமில்லை. கூட்டத்துக்கு வருகிறவர்கள் எப்போதும் வருகிற அதே பதினைந்து பேர்தான் என்பது இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது.

நாள் 3: பரிசுகளும் பலகைகளும்

செரெஸியோ தெருப் பக்கமுள்ள, இத்தாலியத் தொழில்துறை வடிவமைப்புச் சங்கமான ஏடிஐ-யின் வடிவமைப்பு அருங்காட்சியகம் 2021-இல் திறந்தது. 1954-இல் தொடங்கிய 'தங்கக் கவராயம்' பரிசு பெற்ற பொருள்கள் இங்கே வரிசையாக இருக்கின்றன. அரை நாள் போதும். நேரம் குறைவென்றால் ஒலிவெட்டியின் லெத்தெரா 22 தட்டச்சுப்பொறியை மட்டும் நின்று பாருங்கள், நாளை மறுநாளைக்கு அது தேவைப்படும்.

நாளின் பெரும்பகுதியை இத்தாலிய வடிவமைப்பாளர் என்ஸோ மாரிக்கு ஒதுக்கலாம். 1974-இல் அவர் மேசை, நாற்காலி, கட்டில், அலமாரி என்று வீட்டுச் சாமான்களின் வரைபடங்களை, அஞ்சல் செலவை மட்டும் அனுப்பினால் யாருக்கும் அனுப்பித்தந்தார். மரக்கடையில் கிடைக்கும் சாதாரணப் பைன் பலகை, ஆணி, சுத்தியல், ரம்பம்; இவ்வளவுதான் தேவை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், தொழிற்சாலைகளும் வணிகர்களும் மட்டும் செய்து விற்கக்கூடாது என்பது நிபந்தனை. மலிவாக நாற்காலி கிடைக்கச் செய்வது அவர் நோக்கமல்ல. ஒரு நாற்காலியைத் தன் கையால் செய்து பார்த்தவர் அதன்பிறகு கடையில் இருக்கும் நாற்காலியை வேறு கண்ணால் பார்ப்பார் என்பதுதான். மாரி 2020 அக்டோபரில் காலமானார். தம் ஆவணங்களை மிலான் நகருக்குக் கொடுத்து, 40 ஆண்டுகள் திறக்கக்கூடாது என்று நிபந்தனை வைத்தார்.

இந்த வகைச் சாமானைச் செய்யத் தொடங்குபவர்களுக்குத் தவறும் இடங்கள் எப்போதும் அதே மூன்றுதான். பலகை பிளப்பது முதலாவது. பலகையின் முனைக்கு மிக அருகில் ஆணி இறங்கும்போது அது இழைகளுக்கு நடுவே ஆப்பு போல வேலை செய்து பிளக்கும். முனையிலிருந்து மூன்று சென்டிமீட்டராவது தள்ளி அடிக்க வேண்டும். முடியாத இடத்தில் ஆணி விட்டத்தைவிடச் சற்றுக் குறைவான துளையை முதலில் போட வேண்டும். ஆணியின் கூர்முனையைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி மழுங்கச் செய்தாலும் பிளவு குறையும், மழுங்கிய முனை இழையை விலக்காமல் நசுக்கிக்கொண்டு போகும். 20 மில்லிமீட்டர் பலகையை இன்னொரு பலகையின் விளிம்போடு சேர்க்க 50 மில்லிமீட்டர் ஆணி சரியாக இருக்கும்.

இரண்டாவது, ஆட்டம். ஒரு சந்திப்பில் ஒரே ஆணி அடித்தால் அது கீல் மாதிரித் திரும்பும். இரண்டு ஆணி வேண்டும், அதுவும் ஒரே இழைக்கோட்டில் அல்லாமல் மூலைவிட்டமாக. ஆனாலும் நாற்கோண வடிவம் ஆணியால் மட்டும் நிற்காது. மாரியின் மேசைகளைப் பார்த்தால் காலோடு சாய்வாகக் குறுக்குப் பலகைகள் ஓடுவது தெரியும். அழகுக்காக என்று நினைத்து அந்தச் சாய்வுப் பலகையை விட்டுவிடுகிறவர்களின் மேசைதான் ஒரு மாதத்தில் ஆடுகிறது. முக்கோணம் ஆடாது. அந்த ஒரு பாடத்துக்காகவே இதைச் செய்து பார்க்கலாம்.

மூன்றாவது, ஈரமான மரம். புதிதாக வாங்கிய பலகையை வீட்டுக்குள் இரண்டு வாரமாவது கட்டை வைத்து அடுக்கி, காற்றோட்டம் விட்டு வைக்க வேண்டும். அன்றே செய்தால் காய்ந்து சுருங்கும்போது ஆணி தளர்ந்துவிடும்.

மாரியையும் மன்சீனியையும் சேர்த்துப் படிக்கும்போது ஓர் இடைவெளி தெரிகிறது. மாரியின் வரைபடம் ஒரு தனி மனிதருக்கானது. அவர் தன் வீட்டில் தனியாக அடிக்கிறார், தனியாகக் கற்கிறார். பெர்லினில் குகுலா என்ற பட்டறை அதைக் கூட்டு வேலையாக மாற்றியது. அகதிகளாக வந்த இளைஞர்கள் மாரியின் அனுமதியோடு அந்த நாற்காலிகளைச் செய்து விற்றார்கள். விற்கக்கூடாது என்று எழுதியவரே இந்த விற்பனைக்குச் சம்மதித்தார். வரைபடத்தில் ஒரு கோடும் மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த ஏற்பாடு மாறியது. மன்சீனி பேசுகிற வடிவமைப்பு அந்த ஏற்பாடுதான்.

நாள் 4: தெற்கு வயல்கள்

மிலானுக்குத் தெற்கே பிறை வடிவில் விரிந்துகிடக்கிறது தெற்கு வேளாண் பூங்கா. 1990-இல் அமைந்தது, ஏறக்குறைய 47,000 ஹெக்டேர். பூங்கா என்றதும் நடைபாதையும் புல்வெளியும் நினைவுக்கு வரும், ஆனால் இது உழவு நடக்கும் நிலம்: நெல், மக்காச்சோளம், தீவனப்புல், வாய்க்கால்கள், 'கஷீனா' எனப்படும் முற்றம் வைத்த பண்ணை வீடுகள். இவ்வளவு நிலம் ஒட்டியே இருந்தும் நகரத்தின் சாப்பாட்டுத் தட்டுக்கு இங்கிருந்து நேராக வருவது சொற்பம். விளைச்சல் மொத்த வியாபாரத்துக்கும் தீவனத்துக்கும் போய்விடும்.

இதை மாற்றத்தான் உள்ளூர் உணவுக்காகப் பேசும் இயக்கமான ஸ்லோ ஃபுட் இத்தாலியா, போலிடெக்னிகோ, பொலென்ஸோவிலுள்ள உணவியல் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து 'நுட்ரிரே மிலானோ' ('மிலானுக்கு உணவூட்டுதல்') திட்டத்தை நடத்தின. மன்சீனியும் அவரோடு பணியாற்றிய ஆய்வாளர்களும் அதன் வடிவமைப்புப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார்கள். நகருக்குள் லார்கோ மரினாய் திதாலியா பூங்காவில் விவசாயிகள் நேரே விற்கும் 'மண் சந்தை' தொடங்கியது. பிறகு அதைச் சுற்றி, வாரந்தோறும் சந்தாதாரருக்குக் காய்கறி தரும் வாரப்பெட்டி, உள்ளூர்க் கோதுமை ரொட்டி, நீங்களே பறித்துக்கொள்ளும் வயல் என்று ஒவ்வொரு சேவையாக முயன்றார்கள்.

எல்லாவற்றிலும் மிகவும் பயனுள்ளது அவர்கள் சந்தைக்குள்ளேயே போட்ட 'யோசனைக் கடை'. காய்கறிக் கடைகளுக்கு நடுவே ஒரு மேசை. அதில் விற்பனைக்கு எதுவும் கிடையாது. இன்னும் பிறக்காத ஒரு சேவையின் மாதிரி இருக்கும். வருகிறவர் அதைத் தொட்டுப் பார்த்து, மாற்றச் சொல்லிவிட்டுப் போகலாம். இதே முறையை வேறெங்கும் செய்ய விரும்புகிறவர்களுக்குச் சில நுணுக்கங்கள். ஒரு நாளைக்கு ஒரே யோசனையை மட்டும் வையுங்கள், மூன்று வைத்தால் மக்கள் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். காகிதப் படத்தைவிட உண்மையான அட்டைப்பெட்டி நல்லது, அதற்குள் உண்மையான காய்கறி இருந்தால் இன்னும் நல்லது. தூக்கிப் பார்த்த பிறகுதான் "இதை மூன்றாம் மாடிக்கு எப்படிக் கொண்டுபோவேன்?" என்ற கேள்வி வரும். "இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். "போன வாரம் காய்கறி எங்கே வாங்கினீர்கள், எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்துசேரும் நேரம் ஏழரை என்றால் ஏழு மணிக்கு மூடும் வாரப்பெட்டி மையம் அவருக்குப் பயன்படாது. அவர் விருப்பத்தைக் கேட்டு இதைத் தெரிந்துகொள்ள முடியாது.

வாரப்பெட்டியில் இன்னும் சில இடறல்கள். காலிப் பெட்டி திரும்ப வராது. வைப்புத்தொகை வைத்தால் வரும். பிப்ரவரியில் பெட்டி முழுக்க முட்டைக்கோஸ் வகைகளாகவே இருக்கும். சமையல் குறிப்பு வைத்தாலும் மூன்றாவது வாரம் சந்தா நின்றுவிடும். அதனால் குளிர்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை, கட்டுப்படியும் ஆகும். ரொட்டிச் சங்கிலியில் தடை வேறு இடத்தில். கோதுமை விளைவிக்க ஆள் உண்டு, சுட ஆள் உண்டு. நடுவில் இருக்கும் மாவு ஆலைதான் பெரிய அளவுக்கென்று கட்டப்பட்டது, சிறு மூட்டைகளைத் தனியாக அரைத்து, மற்ற மாவோடு கலக்காமல் தருவது அதற்குக் கட்டாது. சங்கிலியின் இரண்டு முனைகளில் இருப்பவர்கள் மட்டும் கூடிப்பேசினால் இந்த நடுக்கண்ணி கடைசி வரை கண்ணில் படாது.

சந்தைக்கு முன்பே மக்கள் தாங்களாகச் செய்துகொண்ட வழி ஒன்றும் உண்டு. 1994-இல் ஃபிதென்ஸாவில் தொடங்கிய கூட்டுக் கொள்முதல் குழு இத்தாலி முழுக்கப் பரவியது. சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு விவசாயியிடம் நேராக வாங்கும். குளிர்காலத்தில் சிசிலி ஆரஞ்சு பல குழுக்களின் முக்கிய ஆர்டர். லாரியில் வருவது 80 × 120 சென்டிமீட்டர் பலகைத்தட்டு ஒன்றில் அடுக்கிய, அரை டன்னுக்கும் மேலான பழம். அதை இறக்க ஒரு முற்றம் வேண்டும், இரண்டு மணி நேரத்தில் ஐம்பது பேர் வந்து எடுத்துப்போக வேண்டும். பணத்தை முன்கூட்டியே வாங்காத குழுவில் கடைசியில் பத்துப் பெட்டி மிச்சமாகி, ஒழுங்கு செய்தவர் தலையில் விழும். ஒரே ஆள் மூன்று ஆண்டு ஒழுங்கு செய்தால் அவரோடு குழுவும் ஓய்ந்துபோகும். பொருள்வாரியாகப் பொறுப்பைப் பிரித்து, எண்ணெய்க்கு ஒருவர், பழத்துக்கு ஒருவர், பாலாடைக்கட்டிக்கு ஒருவர் என்று வைத்த குழுக்கள்தான் நீடிக்கின்றன.

நாள் 5: இவ்ரேயா

கிவாசோவில் ரயில் மாறி இவ்ரேயா. நிலையத்திலிருந்து நடந்தே ஜெர்விஸ் தெருவுக்குப் போகலாம். இந்தத் தெருவின் இருபுறமும் ஒலிவெட்டியின் நகரம். 2018-இல் யுனெஸ்கோ இதை 20-ஆம் நூற்றாண்டின் தொழில் நகரம் என்று உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கமில்லோ ஒலிவெட்டி 1908-இல் தொடங்கிய தட்டச்சுப்பொறி நிறுவனத்தை அவர் மகன் அத்ரியானோ வேறோர் உயரத்துக்குக் கொண்டுபோனார். ஃபிஜீனி, பொல்லீனி என்ற கட்டடக் கலைஞர்கள் கட்டிய கண்ணாடிச் சுவர் ஆலை, அதற்கு எதிரே தொழிலாளர் சேவை மையம், குழந்தைகள் காப்பகம், நூலகம், உணவுக்கூடம். ஆலைக்குள் ஜன்னல் அவ்வளவு பெரிதாக இருப்பது வேலை செய்கிறவர் மலையைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. தட்டச்சுப்பொறியின் உறையை வடிவமைத்த அதே அக்கறையோடு தொழிலாளியின் மதிய இடைவேளையையும் வடிவமைத்தார்கள். இப்படி ஓர் ஆலை உலகில் அதிகம் இல்லை. அதை நேரில் பார்க்கும்போது மரியாதை கூடத்தான் செய்கிறது.

அத்ரியானோ 1960-இல் இறந்தார். பின்னாளில் நிறுவனம் சுருங்கியது. கட்டடங்கள் நிற்கின்றன, அவற்றுக்குள் நடந்த சேவைகள் நிறுவனத்தோடு போய்விட்டன. காரணம் எளிது. காப்பகத்தின் சம்பளம், நூலகத்தின் புத்தகம், உணவுக்கூடத்தின் அடுப்பு எல்லாம் ஒரே கணக்கிலிருந்து வந்தன. அந்தக் கணக்கு வற்றியபோது ஒவ்வொன்றையும் தனித்தனியே தூக்கிப்பிடிக்க அமைப்பு எதுவும் இருக்கவில்லை. அத்ரியானோவே இதை உணர்ந்திருந்தார், ஆலையின் உரிமையில் தொழிலாளர்களுக்கும் உள்ளூர்ச் சமூகத்துக்கும் பங்கு வேண்டும் என்று எழுதினார். அது நடக்கவில்லை. மன்சீனியின் எழுத்தில் வரும் சின்னச் சின்ன, உள்ளூர், ஆனால் ஒன்றோடொன்று இணைந்த அமைப்புகள் என்ற யோசனை வெறும் அழகியல் விருப்பம் அல்ல என்பதற்கு ஜெர்விஸ் தெருவைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பத்து இடத்தில் பத்துப் பேர் தாங்கும் ஒன்று, ஓர் இடத்தில் ஒருவர் போனால் விழாது. எதிர்ப்பக்கமும் உண்மைதான்: ஒலிவெட்டி கொடுத்த தரத்தில் குழந்தைகள் காப்பகம் ஒன்றை அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்திவிட முடியாது. அதற்குப் பயிற்சி பெற்ற ஊழியரும் நிலையான பணமும் வேண்டும். மன்சீனியைப் படித்துவிட்டு, அரசு செய்ய வேண்டியதையெல்லாம் மக்களே செய்துகொள்ளட்டும் என்று பேசுகிறவர்கள் இங்கே ஒரு நாள் வந்து நடப்பது நல்லது.

நாள் 6: பொலோன்யா

மிலான் சென்ட்ராலேயிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்.

வியா ஃபொண்டாஸா வளைவு மண்டபங்கள் ஓடும் பழைய தெரு. ஓவியர் ஜார்ஜோ மொராண்டி வாழ்ந்த வீடு இங்கேதான். 2013 செப்டம்பரில் இந்தத் தெருவாசி ஒருவர், தன் குழந்தைக்கு விளையாட்டுத் துணை தேடி, தெருவுக்கென்று ஃபேஸ்புக்கில் மூடிய குழு ஒன்றைத் தொடங்கினார். அச்சிட்ட தாள்களைத் தெருவில் ஒட்டினார். அதுதான் 'சோஷியல் ஸ்ட்ரீட்'. பிறகு இத்தாலியின் எத்தனையோ தெருக்கள் அதைப் பின்பற்றின. இதன் அடிப்படை விதி: பணம் கிடையாது. கடன் கொடுக்கலாம், உதவலாம், விற்கக்கூடாது. சங்கமாகப் பதிவும் செய்வதில்லை. தெருவாசிகளிடையே இதைத் தொடங்க நினைப்பவர்கள் சுவரொட்டியைத் தவிர்க்கக்கூடாது. இணையத்தில் மட்டும் தொடங்கினால் முதியவர்கள் வரமாட்டார்கள், உண்மையில் பகல் முழுக்கத் தெருவில் இருப்பவர்கள் அவர்கள்தான். எல்லையைப் பெரிதாக்கினால் கெட்டுவிடும்; ஒரு தெரு, அதிகம் போனால் பக்கத்துச் சந்து. உறுப்பினர் கூடக் கூட ஏணி கேட்கும் பதிவுகள் குறைந்து, புகார்களும் விளம்பரங்களும் ஏறும்.

ஆனால் பொலோன்யாவுக்கு வந்ததன் முக்கியக் காரணம் ஓர் ஆவணம். 2014 மே 19 அன்று மாநகராட்சி நிறைவேற்றிய ஒழுங்குவிதி: நகரின் பொதுச் சொத்துகளைப் பேணவும் புதுப்பிக்கவும் மக்களும் நிர்வாகமும் சேர்ந்து செயல்படுவது பற்றியது. 2001-இல் திருத்திய இத்தாலிய அரசியல் சட்டத்தின் 118-ஆம் பிரிவு, பொதுநலனுக்காக மக்கள் தாங்களாக முன்வந்து செய்யும் வேலைகளை அரசு அமைப்புகள் ஆதரிக்க வேண்டும் என்கிறது. அதை நடைமுறையாக்கியது இந்த விதி. கருவி ஒன்றுதான்: 'ஒத்துழைப்பு ஒப்பந்தம்'. ஒரு பூங்கா பெஞ்சுக்கும் போடலாம், ஒரு கட்டடத்துக்கும் போடலாம். பிறகு நூற்றுக்கணக்கான ஊர்கள் இதைத் தழுவிக்கொண்டன. மிலானின் திறந்த சதுக்கங்களுக்குப் பின்னாலும் இதே வகை ஒப்பந்தங்கள் இருக்கின்றன.

மண்டபச் சுவர்களில் கிறுக்கல் அழிக்கும் ஒப்பந்தங்கள் இங்கே நிறைய. பார்க்க எளிய வேலை. ஆனால் பழைய சுண்ணாம்புப் பூச்சின் மேல் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் வண்ணத்தை அடித்தால் அது படலமாக மூடி, சுவரின் ஈரம் வெளியே வர முடியாமல் உப்பிப் பாளம் பாளமாக உரியும். சுண்ணாம்பு அல்லது சிலிகேட் வண்ணம்தான் அடிக்க வேண்டும், நிறமும் அந்தக் கட்டடத்துக்கு அனுமதித்த நிறமாக இருக்க வேண்டும். எனவே தூரிகை பிடிப்பது மக்கள் என்றாலும், எந்த வண்ணம், யார் பயிற்சி தருவது, வாளியும் கையுறையும் எங்கிருந்து வரும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் என்னென்ன வரவேண்டும் என்று அந்த 2014 விதி சொன்னதைப் படிக்கும்போது, இதை எழுதியவர்கள் கூட்டு முயற்சிகள் எங்கே உடைகின்றன என்று அறிந்தவர்கள் என்பது தெரிகிறது. நோக்கம், காலம், யாருக்கு என்ன பொறுப்பு, அந்த இடத்தை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம், யாருக்காவது அடிபட்டால் காப்பீடு யாருடையது, மாநகராட்சி என்ன தரும், நடந்ததை எப்படிப் பதிவு செய்து வெளியிடுவது. தனி நபர் ஒருவரை எந்தக் காரணத்துக்கு விலக்கலாம் என்பதும் உண்டு. இதை முதலில் எழுதாத குழு, சண்டை வந்த பிறகு எழுத முடியாமல் கலைகிறது.

எல்லாவற்றுக்கும் கீழே, பெரும்பாலோர் அவசரத்தில் விட்டுவிடும் பகுதி: ஒப்பந்தம் முடியும்போது என்ன ஆகும். கட்டிய பெஞ்சு யாருடையது, நட்ட மரத்தைப் பிடுங்கலாமா, கருவிகள் யாரிடம் திரும்பும், சாவியை யார் யாரிடம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தங்களை மாநகராட்சி பொதுவில் வெளியிடுகிறது. இதேபோன்ற ஒன்றை வேறு ஊரில் எழுதப்போகிறவர்கள், ஒரு தோட்டம், ஒரு சுவர், ஒரு கட்டடம் என மூன்று வகை ஒப்பந்தங்களை எடுத்து, இந்த முடிவுப் பகுதியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கத் தொடங்கலாம்.